ரத்தக் குழாய் ஆராய்ச்சிக்கு வருவது எப்படி? கடலூர், புதுச்சேரி மாணவர்கள் கேட்கும் கேள்விகள்

நான் கடலூர் முதுநகரில் பிறந்து வளர்ந்தவள். ரத்தக் குழாய்களின் உட்சுவரில் இருக்கும் செல்களை ஆராய்வது என் தொழில். பிளஸ் டூ ரிசல்ட் வரும் சமயத்திலும், கல்லூரிகளுக்குப் பேசப் போகும்போதும் மாணவர்களும் பெற்றோரும் திரும்பத் திரும்பச் சில கேள்விகளைக் கேட்கிறார்கள். போனில் பாதி சொல்லிப் பாதியை விட்டுவிடுவதைவிட, எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்தால் உதவும் என்று தோன்றியது.

ரத்தக் குழாயில் ஆராய என்ன இருக்கிறது? ரத்தம் போகும் வழிதானே அது?

1628இல் வில்லியம் ஹார்வி, ரத்தம் உடலுக்குள் சுற்றி வருகிறது என்று எழுதினார். தமனி வழியாகப் போகும் ரத்தம் சிரைக்கு எப்படி வந்து சேர்கிறது என்பதை அவர் கண்ணால் பார்க்கவில்லை. நடுவில் ஏதோ இணைப்பு இருந்தே ஆக வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொன்னார். அவர் இறந்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1661இல், மால்பீகி தவளையின் நுரையீரலை நுண்ணோக்கியில் பார்த்தபோதுதான் அந்த நுண்குழாய்கள் தெரிந்தன.

இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனி சுமார் இரண்டரை சென்டிமீட்டர் அகலம். நுண்குழாயோ ஒரு சிவப்பணு ஒற்றை வரிசையில் நெருக்கிக்கொண்டு நுழையும் அளவுதான். இரண்டுக்கும் உட்பக்கம் ஒரே ஒரு அடுக்கு செல்கள் விரித்திருக்கின்றன. அவற்றை எண்டோதீலியல் செல்கள் என்கிறோம். ரத்தம் உறையலாமா, குழாய் விரியலாமா, வெள்ளையணு எந்த இடத்தில் சுவரைத் தாண்டி வெளியே போகலாம், பிராணவாயு போதாத இடத்துக்குப் புதுக் கிளை விடலாமா என்பதில் எல்லாம் இந்த ஒற்றை அடுக்குக்குப் பெரிய பங்கு உண்டு. அதைத்தான் ஆராய்கிறோம்.

நம் ஊருக்கு இது தூரத்து விஷயம் கிடையாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடு முழுக்க நடந்த சர்க்கரை நோய் கணக்கெடுப்பு 2023இல் வெளியானது. அதில் கோவா 26.4 சதவீதத்தோடு முதலிடம். புதுச்சேரி 26.3 சதவீதத்தோடு அடுத்த இடம். அதாவது பெரியவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல். சர்க்கரை நோய் கண்ணைக் கெடுக்கிறது, கிட்னியைக் கெடுக்கிறது, காலில் ஆறாத புண்ணைக் கொடுக்கிறது என்று சொல்கிறோமே, இவை மூன்றிலும் ரத்தக் குழாய்கள் சீர்கெடுவது முக்கியக் காரணம்.

நீங்கள் எப்படி இந்தத் துறைக்குள் வந்தீர்கள்?

பி.எஸ்சி. விலங்கியலில் கருவியல் பிராக்டிகல் இருந்தது. எங்கள் ஆசிரியை குஞ்சு பொரிப்பகத்திலிருந்து கருவுற்ற முட்டைகள் வாங்கி வந்து, இன்குபேட்டரில் மூன்று நாள் வைத்திருந்தார். ஓட்டின் மேல் பக்கத்தில் கத்தரி முனையால் சின்ன ஜன்னல் வெட்டினார். உள்ளே மஞ்சள் கருவின் மேல் சிவப்பு இழைகளில் ஒரு வலை, அதன் நடுவில் துடிக்கும் ஒரு புள்ளி. குண்டூசித் தலை அளவு இதயம். துடிக்கத் துடிக்க இழைகளுக்குள் சிவப்பு நகர்வது கை லென்ஸிலேயே தெரிந்தது. முட்டையை அடைகாக்க வைத்த அன்று அதற்குள் குழாய் எதுவும் இல்லை. மூன்றே நாளில் எங்கிருந்து வந்தது, எங்கே பிரிய வேண்டும் என்று அதற்கு யார் சொன்னது? இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

ஆனால் அப்போது இப்படி ஒரு துறை இருப்பதே எனக்குத் தெரியாது. எம்.எஸ்சி. உயிர்வேதியியல் படிக்கும்போது ஒரு கருத்தரங்கில்தான் முதல் தடவை கேள்விப்பட்டேன். அப்புறம் ஒரு ஆய்வகத்தில் திட்ட உதவியாளராகச் சேர்ந்து, வேலை பார்த்துக்கொண்டே பிஎச்.டி. உதவித்தொகைக்கான நெட் தேர்வு எழுதி, பிஎச்.டி. முடித்து, சில ஆண்டுகள் ஐரோப்பாவில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தேன். நேர்க்கோட்டில் வந்தவர்கள் இந்தத் துறையில் ரொம்பக் குறைவு. ‘ரத்தக் குழாய் இயல்’ என்று யாரும் இளங்கலை டிகிரி கொடுப்பதில்லை. எந்தக் கதவு வழியாகவும் வரலாம். உள்ளே வந்தபின் கை பழக வேண்டும், அவ்வளவுதான்.

நீட்டில் மார்க் குறைந்துவிட்டது. இனி மருத்துவ ஆராய்ச்சிப் பக்கம் வரவே முடியாதா?

தாராளமாக வரலாம். நான் கூட வேலை பார்த்தவர்களில் பெரும்பாலோர் எம்.பி.பி.எஸ். படித்தவர்கள் அல்லர். ரத்தக் குழாயின் உட்சுவர் ஒரு பொருளைச் சுரந்து குழாயை விரிய வைக்கிறது என்று கண்டுபிடித்து 1998இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ராபர்ட் ஃபர்ச்காட் வேதியியல் பட்டதாரி. டாக்டர்கள் செய்த பெரிய வேலையும் உண்டு. ஜூடா ஃபோக்மன் குழந்தைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தவர். புற்றுக்கட்டி தனக்கென்று புது ரத்தக் குழாய்களை வரவழைத்துக்கொள்ளாமல் சில மில்லிமீட்டருக்கு மேல் வளர முடியாது, அந்தக் குழாய்களைத் தடுத்தால் கட்டியைத் தடுக்கலாம் என்று 1971இல் எழுதினார். பலர் நம்பவில்லை. அந்த யோசனையில் பிறந்த பெவாசிசுமாப் மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 2004இல். இன்று தவளக்குப்பம் அரவிந்த் போன்ற கண் மருத்துவமனைகளில் விழித்திரை பாதித்தவர்களுக்குக் கண்ணுக்குள் ஊசி போடுகிறார்களே, அந்த சிகிச்சைக்கும் அடிப்படை இதே யோசனைதான்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. இன்னொரு தடவை நீட் எழுத வைப்பதில் தப்பில்லை. மூன்றாவது, நான்காவது வருடம் என்று பிள்ளையைக் கோச்சிங் சென்டரிலேயே உட்கார வைப்பது சரியில்லை என்பது என் உறுதியான கருத்து. அந்த நேரத்தில் ஒரு டிகிரியே முடிந்திருக்கும்.

பிளஸ் டூ முடித்தாயிற்று. எந்த டிகிரி, எந்தக் கல்லூரி?

விலங்கியல், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல், பயோடெக்னாலஜி, வேதியியல், இயற்பியல் எல்லாமே சரிதான். கடலூரில் பெரியார் அரசு கலைக் கல்லூரி, சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம், புதுச்சேரியில் தாகூர் கல்லூரி, பாரதிதாசன் மகளிர் கல்லூரி என்று வீட்டிலிருந்து பஸ்ஸில் போய் வரும் தூரத்திலேயே இருக்கின்றன. பயோடெக் என்ற பெயருக்காகக் கடன் வாங்கிப் பெரிய ஃபீஸ் கட்டிச் சேர வேண்டாம். சேரும் முன் அங்கே படிக்கும் சீனியரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: பிராக்டிகலில் நீங்களே கையால் செய்கிறீர்களா, சார்ட்டைப் பார்த்து ரெக்கார்டில் படம் வரைவதோடு சரியா? இந்தப் பதிலை வைத்தே முடிவு செய்யலாம்.

தமிழ்நாட்டில் ஆறாவது முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு, பெண்கள் என்றால் 2022இல் வந்த புதுமைப் பெண் திட்டத்திலும், ஆண்கள் என்றால் 2024இல் வந்த தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். கல்லூரியில் சேர்ந்த உடனே விண்ணப்பித்துவிடுங்கள்.

அறிவியலில் உறுதியான ஆசை இருப்பவர்கள் ஐசர் எனப்படும் இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களின் நுழைவுத் தேர்வையும் எழுதிப் பார்க்கலாம். நமக்குப் பக்கம் திருப்பதி ஐசர்.

நான் இன்ஜினியரிங் மாணவன். எனக்கு இதில் இடம் உண்டா?

நிறையவே உண்டு. தமனியில் கொழுப்புப் படிவது எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நடப்பதில்லை. கழுத்தில் பெரிய தமனி இரண்டாகப் பிரியும் இடம் போல, ரத்த ஓட்டம் சுழித்துத் தடுமாறும் கவைகளில்தான் அதிகம் படிகிறது. ஓட்டம் சீராக இருக்கும் நேர்ப்பகுதி பெரும்பாலும் தப்பித்துவிடுகிறது. தன்மேல் உரசிப் போகும் ரத்தத்தின் வேகத்தையும் திசையையும் எண்டோதீலியல் செல் எப்படி உணர்கிறது என்பது பாய்ம இயற்பியல் தெரிந்தவர்கள் இல்லாமல் பதில் கிடைக்காத கேள்வி. சிலிக்கான் ரப்பரில் மயிரிழை போன்ற கால்வாய்கள் வார்த்து, உள்ளே செல்களை வளர்த்து, பம்ப் வைத்து ஓட்டிப் பார்க்கிறார்கள். நுண்ணோக்கிப் படங்களிலிருந்து குழாய்களின் நீளத்தையும் கிளைகளையும் எண்ண ப்ரோகிராம் எழுதத் தெரிந்தவர்களுக்கு எந்த ஆய்வகத்திலும் வரவேற்புதான்.

இன்னொரு பெரிய சவால்: ஆறு மில்லிமீட்டருக்குக் குறைந்த அகலத்தில் செயற்கை ரத்தக் குழாய் வைத்தால் சீக்கிரமே உறைந்து அடைத்துக்கொள்கிறது. அதனால்தான் பைபாஸ் ஆபரேஷனுக்கு இன்றும் காலிலிருந்து சிரையை எடுக்கிறார்கள். இந்த மாதிரிப் பொருள்களில் ஆர்வம் இருந்தால் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள். 1990 முதல் நோயாளிகளுக்குப் பொருத்தப்படும் சித்ரா இதய வால்வு அங்கே உருவானது.

தமிழ் வழியில் படித்தேன். ஆங்கிலம் தடையாக இருக்குமா?

முதல் ஒன்றிரண்டு ஆண்டுகள் கஷ்டமாகத்தான் இருக்கும். இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆய்வுக் கட்டுரை எழுதத் தேவைப்படும் ஆங்கிலம் சின்னது, திரும்பத் திரும்ப வரும் அதே வாக்கியங்கள். தினம் ஒரு கட்டுரையின் சுருக்கத்தை மட்டும் படித்து, அதைத் தமிழில் நாலு வரியில் நோட்டில் எழுதுங்கள். ஆறு மாதத்தில் வித்தியாசம் தெரியும். என்னிடம் வரும் மாணவர்களிடம் முதல் வாரம் தங்கள் சோதனையைத் தமிழில் விளக்கச் சொல்கிறேன். புரிந்ததா இல்லையா என்பது அப்போதே தெரிந்துவிடும்.

எம்.எஸ்சி.க்கும் பிஎச்.டி.க்கும் என்னென்ன தேர்வு எழுத வேண்டும்?

காலாப்பட்டில் இருக்கும் புதுச்சேரி மத்தியப் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. சேர கியூட் பி.ஜி. ஐ.ஐ.டி.க்களில் சேர ஜாம். மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறையின் ஆதரவில் நடக்கும் எம்.எஸ்சி. படிப்புகளுக்கு காட்-பி, இதில் சேர்ந்தால் மாத உதவித்தொகையும் உண்டு. ஜிப்மரிலும் மருத்துவ உயிர்வேதியியல், உடலியங்கியல் போன்ற பாடங்களில் எம்.எஸ்சி. இருக்கிறது. ஆஸ்பத்திரிக்கு உள்ளேயே படிப்பதால் நோயாளி, மாதிரி, ஆய்வகம் மூன்றும் ஒரே வளாகத்தில் கிடைக்கும்.

பிஎச்.டி.க்கு முக்கியமானது சி.எஸ்.ஐ.ஆர். நெட், ஆண்டுக்கு இரண்டு தடவை. எம்.எஸ்சி. கடைசி ஆண்டிலேயே எழுதலாம். 55 சதவீத மதிப்பெண் வேண்டும், சில இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 50. ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்), டி.பி.டி. (மத்திய உயிரித் தொழில்நுட்பத் துறை) இரண்டும் தனியாக ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகைக்குத் தேர்வு நடத்துகின்றன. கேட் (GATE) தேர்வு மதிப்பெண்ணை ஏற்கும் இடங்களும் உண்டு. எல்லாவற்றுக்கும் பாடம் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒன்றுக்குப் படித்தால் மற்றவற்றையும் எழுதிவிடலாம், எழுதிவிடுங்கள்.

ஐந்து வருடம் பிஎச்.டி. என்றால் வீட்டுக்கு எப்படிப் பணம் கொடுப்பது?

இதை வெட்கப்படாமல் கேளுங்கள். ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாய், அதன்பின் 42,000. இது 2023 ஜனவரியிலிருந்து நடைமுறையில் உள்ள தொகை. ஹாஸ்டல் கிடைக்காவிட்டால் வீட்டு வாடகைப் படி தனி. உதவித்தொகை இல்லாமல் பிஎச்.டி.யில் சேர வேண்டாம் என்பேன், குறிப்பாக வீட்டில் கடன் இருப்பவர்கள். அதற்குப் பதில் திட்ட உதவியாளராக ஒரு வருடம் சம்பளத்துக்கு வேலை பார்த்துக்கொண்டு மறுபடி தேர்வு எழுதலாம். உதவித்தொகை சில மாதம் தாமதமாக வந்து சேருவதும் நடக்கும். மூன்று மாதச் செலவுக்குக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆய்வகத்தில் நாள் முழுக்க என்னதான் செய்வீர்கள்?

பிரசவ வார்டிலிருந்து தொப்புள்கொடி வந்திருக்கிறது என்று போன் வரும் ஒரு நாளைச் சொல்கிறேன். தாயின் ஒப்புதல் கையெழுத்தும் நெறிமுறைக் குழுவின் அனுமதியும் முன்பே வாங்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் தொடவே கூடாது. ஐஸ் பெட்டியில், உப்புக் கரைசலுக்குள் கொடி வரும். வெள்ளையாக, வழுவழுப்பாக, கையில் நிற்காமல் நழுவும். முனையைப் புதிதாக வெட்டிப் பார்த்தால் மூன்று துளை. இரண்டு தமனிகள் சுவர் தடித்து வாய் மூடிக் கிடக்கும். ஒற்றைச் சிரை மட்டும் தளர்வாக வாய் திறந்திருக்கும். அதற்குள் மழுங்கிய ஊசியை நுழைத்து நூலால் இறுகக் கட்டி, மறுமுனையில் சிவப்பு போய்த் தெளிந்த நீர் வரும்வரை கழுவுவோம். அப்புறம் கொலாஜினேஸ் என்ற நொதியை நிரப்பி, இரண்டு பக்கமும் கிளிப் போட்டு, 37 டிகிரி சூட்டில் பத்துப் பதினைந்து நிமிடம் வைப்போம். எண்டோதீலியல் செல்கள் சுவரிலிருந்து கழன்று வரும். நேரம் கூடினால் அடியிலிருக்கும் தசைச் செல்களும் சேர்ந்து வந்து மொத்தத்தையும் கெடுத்துவிடும். எனவே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும். கொடியை விரலால் மெதுவாக நீவி, திரவத்தை வடித்து, செல்களைச் சுழற்றிப் பிரித்து, ஜெலட்டின் பூசிய குடுவையில் விடுவோம்.

மறுநாள் காலையில் நுண்ணோக்கியில் பார்த்தால் தனித்தனித் தீவுகளாக ஒட்டியிருக்கும். சில நாளில் கப்பிக்கல் பாவிய தெரு போல ஒன்றோடொன்று இடைவெளியில்லாமல் நெருங்கி நிரப்பிவிடும். 1973இல் நியூயார்க்கில் எரிக் ஜாஃபே குழுவினர் வெளியிட்ட முறை இது. அதுவரை மனித எண்டோதீலியல் செல்லை வெளியே நம்பகமாக வளர்க்க வழியில்லாமல் இருந்தது. இன்றும் உலகம் முழுக்க இதையே செய்கிறார்கள். வேண்டியது பிரசவ வார்டும் நல்ல கையும்.

மிச்ச நாட்கள்? செல்லுக்கு உணவுக் கரைசல் மாற்றுவது, எண்ணுவது, படம் எடுப்பது, நோட்டில் எழுதுவது, பாத்திரம் கழுவுவது. தானே, ஃபெஞ்சல் மாதிரிப் புயல் அடிக்கும் கடற்கரை இது. 2011 டிசம்பரில் தானே வந்தபோது கடலூரில் பல நாள் கரண்ட் இல்லை. கரண்ட் போனால் இன்குபேட்டரில் இருக்கும் செல்கள் தாங்காது. திரவ நைட்ரஜனில், மைனஸ் 196 டிகிரியில் உறைய வைத்தவை மின்சாரம் இல்லாமலே பிழைத்திருக்கும், நைட்ரஜன் வற்றாமல் பார்த்துக்கொண்டால் போதும். அதனால் ஐப்பசி பிறப்பதற்குள் முக்கியமான செல்களை எல்லாம் உறைய வைத்துவிட வேண்டும் என்று மாணவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன்.

மிருகங்களைக் கொல்ல வேண்டியிருக்குமா? எனக்கு அது முடியாது.

கட்டாயமில்லை. செல்களை மட்டும் வைத்தே பிஎச்.டி. முடித்தவர்கள் உண்டு. கணினியில் மட்டும் வேலை செய்கிறவர்களும் உண்டு. கோழிக் கரு நிறையப் பயன்படுகிறது, செலவும் குறைவு. வரிமீன் (ஜீப்ராஃபிஷ்) என்று அலங்கார மீன் கடைகளில் விற்கும் சின்ன மீனின் கரு கண்ணாடி போல இருக்கும். முட்டையிட்டு ஒரு நாள் கழிந்ததுமே ரத்த ஓட்டம் தொடங்கிவிடும். ரத்தக் குழாய் மட்டும் பச்சையாக ஒளிரும் மீன் வகையை 2002இல் உருவாக்கினார்கள், அதில் கிளை விடுவதை உயிரோடு இருக்கும்போதே பார்க்கலாம். எலி, சுண்டெலி வேலைக்கு விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். உங்களுக்கு எது முடியாது என்பதைச் சேரும் முன்பே வழிகாட்டியிடம் சொல்லிவிடுங்கள்.

வழிகாட்டியை எப்படித் தேர்ந்தெடுப்பது?

அவருடைய பழைய மாணவர்களிடம் பேசுங்கள். எத்தனை பேர் முடித்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள், கட்டுரையில் மாணவர் பெயர் முதலில் வருகிறதா என்று கேளுங்கள். நிறுவனத்தின் பெயரைவிட இது முக்கியம். பெரிய இடத்தில் கண்டுகொள்ளாத வழிகாட்டியிடம் சிக்கியவர்களை விட, சின்ன இடத்தில் தினமும் கூட உட்கார்ந்து படம் பார்க்கும் வழிகாட்டியிடம் சேர்ந்தவர்கள் நன்றாக வந்திருக்கிறார்கள்.

சோதனை தோற்றுக்கொண்டே இருந்தால் என்ன செய்வது?

ஃபர்ச்காட் கதையைச் சொல்கிறேன், இதை நான் எல்லா வகுப்பிலும் சொல்வதுண்டு. முயலின் பெருந்தமனியைச் சுருள் பட்டையாக வெட்டித் தொங்கவிட்டு, மருந்து விட்டால் சுருங்குகிறதா, தளர்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. அசிட்டைல்கோலின் விட்டால் அவருடைய பட்டைகள் சுருங்கின. உயிருள்ள மிருகத்துக்கு அதே மருந்தை ஊசி போட்டால் குழாய் விரிந்தது. பல ஆண்டுகளாக இந்த முரண்பாடு தீரவில்லை.

1978இல் ஒரு நாள், பட்டைகளுக்குப் பதில் வளையமாக வெட்டிய தமனியில் சோதனை நடந்தது. முதல் மருந்தைக் கழுவிவிட்டு, அசிட்டைல்கோலினைப் போலவே வேலை செய்யும் கார்பகால் என்ற மருந்தை விட வேண்டும். உதவியாளர் கழுவாமலே விட்டுவிட்டார். முதல் மருந்தால் சுருங்கியிருந்த வளையம் தளர்ந்தது! வேறொருவராக இருந்தால் அந்த நாள் கணக்கைத் தூக்கிப் போட்டிருப்பார்கள். ஃபர்ச்காட் இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று தேடினார். பட்டை வெட்டும்போது உட்பக்கம் எதன் மீதாவது உரசி எண்டோதீலியம் போய்விடுகிறது, வளையத்தில் அது தப்பித்துவிடுகிறது. வேண்டுமென்றே மெதுவாகத் தேய்த்துப் பார்த்தார். தளர்வு நின்றது. உட்சுவரிலிருந்து ஏதோ ஒன்று சுரக்கிறது என்று 1980இல் வெளியிட்டார். அது நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு என்பது பிறகு தெரிந்தது. நெஞ்சுவலி வந்தால் நாக்குக்கு அடியில் வைக்கச் சொல்லி வீட்டில் வைத்திருக்கிறோமே சார்பிட்ரேட் மாத்திரை, அது உடலில் வெளிவிடுவதும் இதே நைட்ரிக் ஆக்சைடைத்தான்.

அதனால் எதிர்பார்த்தது வராத நாளில்தான் நோட்டில் அதிகம் எழுத வேண்டும். யார் செய்தது, எந்தக் கத்தரி, எத்தனை மணி, கழுவினோமா இல்லையா, எல்லாமே.

பெண் பிள்ளை. கல்யாண வயதில் பிஎச்.டி.யா என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள்.

என் அம்மாவிடமும் கேட்டார்கள். யு.ஜி.சி.யின் 2022 விதிப்படி பிஎச்.டி. படிக்கும் பெண்களுக்கு மொத்தத்தில் 240 நாள் வரை பேறுகால, குழந்தை பராமரிப்பு விடுப்பு உண்டு. முடிக்கும் கால வரம்பிலும் கூடுதலாக இரண்டு ஆண்டு சலுகை உண்டு. இடைவெளி விழுந்தபின் திரும்பி வர டி.பி.டி.யின் பயோகேர், டி.எஸ்.டி. எனப்படும் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் வைஸ் திட்டங்கள் இருக்கின்றன. விதி இருந்தாலும் அதை மதிக்கும் வழிகாட்டி வேண்டும். முந்தைய கேள்வியில் சொன்ன பழைய மாணவர்களிடம் இதையும் கேளுங்கள். மாப்பிள்ளை பார்க்க வருகிறவர்களிடமும் படிப்பை முடிப்பேன் என்பதை முதலிலேயே பேசிவிடுவது நல்லது.

வெளிநாடு போயே ஆக வேண்டுமா?

இல்லை. போனால் புதிய முறைகளைக் கற்கலாம், ஆட்களைத் தெரிந்துகொள்ளலாம். திரும்பி வர ராமலிங்கசாமி மறுநுழைவு உதவித்தொகை இருக்கிறது.

நம் ஊரிலேயே இருந்து ஆராயத் தக்க கேள்வி என்ன இருக்கிறது?

இதை யாராவது கேட்டால் எனக்கு நேரம் போவதே தெரியாது.

சர்க்கரை நோயாளி ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் காலில் புண் ஆறவில்லை, காரணங்களில் ஒன்று புதுக் குழாய் போதுமான அளவு முளைக்காதது. அதே ஆளின் விழித்திரையில் வேண்டாத குழாய்கள் தாறுமாறாக முளைத்து ரத்தம் கசிந்து பார்வை போகிறது. ஒரே உடம்பு, ஒரே சர்க்கரை. ஒரு இடத்தில் குறைவு, இன்னொரு இடத்தில் மிகுதி. ஏன் என்பதற்கு இன்னும் முழுப் பதில் இல்லை. நான்கில் ஒருவருக்கு மேல் சர்க்கரை இருக்கும் ஊரை விட்டு இந்தக் கேள்விக்கு வேறு எங்கே போவது?

அடுத்து யானைக்கால். இரவில் வீடு வீடாக வந்து விரல் நுனியில் ரத்தம் எடுத்ததைப் பெரியவர்கள் சொல்வார்கள். கொசு பரப்பும் யானைக்கால் புழுவின் குட்டிகள் இரவில்தான் ரத்தத்தில் அதிகம் தெரியும் என்பதால் அப்படி. புதுச்சேரியில் 1975இல் தொடங்கிய நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் கொசுவைப் பற்றி எவ்வளவோ செய்திருக்கிறது. தாய்ப்புழு வாழ்வது நிணநீர்க் குழாய்களுக்குள். அவையும் எண்டோதீலியல் செல்களால் ஆனவைதான். புழு செத்த பிறகும் குழாய் ஏன் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை, வீங்கிய காலோடு ஆயுசு முழுக்க இருப்பவருக்கு அந்தக் குழாயை மறுபடி வளர்க்க முடியுமா? கொசுவுக்குக் கிடைத்த கவனத்தில் பாதியாவது இதற்குக் கிடைக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

நம் வயல்களில் இருக்கும் கண்ணாடி விரியனின் விஷத்தில், நுண்குழாய்ச் சுவரைத் தாங்கிப் பிடிக்கும் சவ்வை அறுக்கும் நொதிகள் இருக்கின்றன. ரத்தம் கசிவதற்கு அதுவும் ஒரு காரணம். விஷமுறிவு மருந்து உயிரைக் காக்கும், கடிபட்ட இடத்தில் ஏற்கெனவே சிதைந்ததை மீட்காது. பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. கடற்பஞ்சிலும் பாசியிலும் கிடைக்கும் பொருள்களைக் கோழிக் கருவில் சோதிக்க அங்கிருந்து ரொம்ப தூரம் போக வேண்டியதில்லை.

முடித்தபின் வேலை கிடைக்குமா?

பேராசிரியர், விஞ்ஞானி பதவிகள் குறைவு, போட்டி அதிகம். அதை மறைத்துச் சொல்வது பிள்ளைகளுக்குச் செய்யும் துரோகம். ஆனால் செல் வளர்ப்பு கைவந்தவர்களுக்குச் சென்னை, பெங்களூர், ஹைதராபாத் மருந்து நிறுவனங்களில் வேலை இருக்கிறது. பெவாசிசுமாப்புக்கு நிகரான மருந்துகளை இந்திய நிறுவனங்களே தயாரிக்கின்றன. மருந்துப் பாதுகாப்புச் சோதனை, காப்புரிமை, அறிவியல் எழுத்து என்று வேறு பக்கம் போனவர்களும் நன்றாக இருக்கிறார்கள்.

இப்போது காலேஜ் இரண்டாம் ஆண்டு. இந்த விடுமுறையில் என்ன செய்யலாம்?

ஹார்வி 1628இல் காட்டிய சோதனையை உங்கள் கையிலேயே செய்து பாருங்கள். கையைக் கொஞ்ச நேரம் தொங்கவிட்டால் புறங்கையில் சிரை புடைக்கும். விரல் பக்கமாக ஒரு இடத்தில் சிரையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, இன்னொரு விரலால் மணிக்கட்டை நோக்கி நீவிவிடுங்கள். இரண்டாவது விரலை எடுத்தாலும் அந்தத் துண்டு நிரம்பாது, வால்வு பின்னால் வர விடாது. முதல் விரலை எடுங்கள், கீழிருந்து சட்டென்று நிரம்பும். சிலருக்கு வால்வு வாகான இடத்தில் இருக்காது, முன்கையில் முயன்று பாருங்கள்.

அப்புறம், இந்திய அறிவியல் கழகங்கள் மூன்றும் சேர்ந்து நடத்தும் கோடைகால ஆராய்ச்சி உதவித்தொகைக்கு விண்ணப்பியுங்கள். தேர்வானால் இரண்டு மாதம் நல்ல ஆய்வகத்தில், உதவித்தொகையோடு.

ஆய்வகத்துக்கு மெயில் எழுதினால் பதிலே வருவதில்லை. எப்படி எழுதுவது?

‘மரியாதைக்குரிய ஐயா, எனக்கு அறிவியலில் மிகுந்த ஆர்வம்’ என்று தொடங்கி ஐம்பது பேருக்கு ஒரே மெயிலை அனுப்பினால் வராது. அந்த ஆய்வகத்தின் ஒரு கட்டுரையைப் படியுங்கள், முழுக்கப் புரியாவிட்டாலும் ஒரு படமாவது புரிய வேண்டும். பிறகு சுருக்கமாக: நான் இன்ன கல்லூரியில் இன்ன படிப்பு, உங்கள் கட்டுரையில் இந்தப் படத்தைப் பார்த்தேன், இந்த இடம் எனக்குப் புரியவில்லை, இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை வந்து வேலை கற்றுக்கொள்ள முடியுமா, பிராக்டிகலில் இன்னதெல்லாம் என் கையால் செய்திருக்கிறேன். அவ்வளவு போதும். மதிப்பெண் பட்டியலை ஒரே கோப்பாக இணையுங்கள். செவ்வாய் அல்லது புதன் காலையில் அனுப்புங்கள், திங்கட்கிழமை எங்கள் இன்பாக்ஸ் நிரம்பி வழியும். பத்து நாளில் பதில் இல்லை என்றால் அதே மெயிலுக்குக் கீழே இரண்டு வரியில் நினைவூட்டுங்கள். அதற்கும் வராவிட்டால் அடுத்த ஆய்வகத்தின் கட்டுரையை எடுத்துப் படிக்கத் தொடங்குங்கள்.